உள்ளே விட்ட துணி

முருகன்குறிச்சியில்
மருந்துக்கடை மாடியில் என் கடை.
சலங்கை தவிர ஆட்டத்துக்கு வேண்டியதெல்லாம் தைப்பேன்.
விசிறி மடிப்புக்கென்றே
நாகர்கோவிலிலிருந்தும் வருவார்கள்.

செண்பகவடிவுக்கு அளவு நோட்டில் தனிப் பக்கம்.
பதினொன்றாம் வகுப்பில், ஆனித் தேரோட்டத்துக்கு,
இடுப்பு இருபத்தெட்டு.
நவராத்திரிக்கு இருபத்தாறரை.
"ஏட்டி, நல்லா இளைச்சிட்டியே,
இப்பதான் பாக்க லெச்சணமா இருக்க"
என்றது நான்தான்.
வாயில் குண்டூசி கடித்தபடி சொன்னேன்.
ஊசியை எடுத்துத் துணியில் குத்தினேன்.
சொல் எங்கே குத்தியதென்று பார்க்கவில்லை.

அரைமண்டியில் வயிறு முன்னால நிக்குது என்று
வகுப்பில் எல்லார் முன்னும் ஒருநாள் டீச்சர் சொன்னாராம்.
அவள் ஆளான அன்றைக்கு
நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி கிண்டி
இடுப்புக்குப் பலம் என்று ஊட்டிய உலகம்மாள்
பட்டை என் கையில் கொடுத்து
"இடுப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்கக்கா" என்பாள்.

டேப்பைச் சுற்றும்போது பிள்ளை மூச்சைப் பிடிப்பாள்.
என்னமோ நானும் பிடிப்பேன்.

சித்திரையில் இருபத்து மூன்று.
முதுகெலும்பு மணிமணியாய் விரலில் தட்டியது.
கையெல்லாம் பூனைமுடி,
பிறந்த குழந்தைக்கு இருக்குமே, அது.
பாளையங்கோட்டையே உருகுகிற வெயிலில்
குளிருதுக்கா, ஃபேனை அமத்துங்க என்றாள்.

கீழேயிருந்து டீயும் ஆமவடையும் வரவழைத்தேன்.
வடையைப் பிட்டாள். பிட்டதையும் பிட்டாள்.
பேப்பரில் பருப்புப் பருப்பாய் விரித்து வைத்தாள்.
பார்க்கச் சாப்பிட்ட மாதிரியேதான் இருந்தது.
சாப்பிட்டது எறும்பு.

சபா ஆண்டுவிழாவுக்கு
அதே மயில்கழுத்துப் பட்டைப் பிடிக்க வந்தாள்.
இருபத்தொன்றரை.
"எம்புட்டுச் சதை, பாருங்கக்கா"
எலும்பின்மேல் கிடந்த தோலை இழுத்துக் காட்டினாள்.
பதினாறு வருஷமாய் என் சுவரில் இருக்கும் கண்ணாடி.
அவளுக்கு மட்டும் அது யாரைக் காட்டியதோ.

வர்ணம் பாதியில்
மண்டியில் இறங்கியவள் எழும்பவில்லை.
அவள் விழுந்த பிறகும்
சலங்கை கொஞ்ச நேரம் சத்தம் போட்டதாம்.

ஹைகிரவுண்டு ஆசுபத்திரியில் பதினேழு நாள்.
நாடித் துடிப்பு நாற்பது.
வீட்டுக்குத் தூரமாகி ஒரு வருஷம் இருக்குமாம்,
பெற்றவளுக்கே தெரியாது.
உலகம்மாள் போனில் அழுதாள்:
"சாப்பிடச் சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பா."
கேட்டாள்தான், நான் சொன்னதை.

ஏழு மாசம் கழித்து,
பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.
நடுப்படியில் நின்று நின்று.
"பிரிக்க முடியுமாக்கா?"

எல்லார் துணியிலும் உள்ளே ரெண்டு அங்குலம் விடுவேன்.
அவளுடையதில் அஞ்சு விட்டிருந்தேன்.
வாய் பயந்ததைக் கை செய்திருந்தது.
அது குண்டாக் காட்டுது என்று
அன்றைக்குச் சண்டைகூடப் போட்டாள்.

பிளேடால் ஒவ்வொரு தையலாய் அறுத்தேன்.
பட்டில் ஊசித்தடம் அப்படியே நின்றது.
இருபத்து மூன்றுக்கு ஒரு வரிசை,
இருபத்தொன்றரைக்கு ஒரு வரிசை.
இஸ்திரி போட்டும் போகவில்லை.
"ஜரிகை வச்சு மறைக்கட்டா?"
"ஒட்டியாணம் மறைச்சிரும்" என்றாள்.

டேப்பை எடுத்ததும் மூச்சைப் பிடித்தாள்.
"விடுத வரைக்கும் நிக்கேன்" என்றேன்.
கீழே திருச்செந்தூர் பஸ் போனது.
தூத்துக்குடி பஸ் போனது.
இன்னொரு திருச்செந்தூர்.
விட்டாள்.
வயிறு மெல்ல வந்து என் விரலைத் தொட்டது.

எண்ணைச் சொல்லவில்லை.
அவள் கேட்டாள், ரெண்டு தடவை.
"துணிக்கு வேண்டிய கணக்கு அது, உனக்கு எதுக்கு?"
நோட்டை மூடி அதன்மேல் கத்தரியை வைத்தேன்.

இன்றைக்கு வடையில் பாதி உள்ளே போனது.
மீதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தாள்.
வழியில் தின்பாளோ,
கொக்கிரகுளம் பாலத்திலிருந்து ஆற்றில் போடுவாளோ,
அவளுக்கே தெரியாதென்றுதான் நினைக்கிறேன்.

கரண்டு வந்துவிட்டது.
மறுபடி ரெண்டு அங்குலம் உள்ளே விட்டு
ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.